டவுன்டவுனில் ஓர் அருவச் சிற்பம் நிறுத்துவது எப்படி: அமெரிக்காவில் முதல் விண்ணப்பத்திலிருந்து கடைசி போல்ட் வரை

பதினோரு அடி உயரம், முக்கால் டன் எடை. எந்த உருவத்தையும் நேராகக் காட்டாமல் ஸ்டீலில் நான் செய்த அந்த அருவச் சிற்பத்துக்குப் பட்டறையில் பிடித்தது 5 மாதம். அதைக் கொண்டுபோய் ஓர் அமெரிக்க நகரத்தின் டவுன்டவுன் (நகர மையம்) சதுக்கத்தில் நிறுத்த, முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்குப் பார்த்தால், 22 மாதம். நடுவில் இரண்டு தடவை கைவிட்டுவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு தடவையும் சிற்பத்தில் பிரச்சினை இல்லை. ஒரு தடவை ஒரு காகிதம் தெரியாமல் போனது, இன்னொரு தடவை ஒரு கேள்வி கேட்காமல் விட்டது.

சென்னையிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துவிட்டு, கல்யாணமாகியோ மேல்படிப்புக்கோ இங்கே வந்து சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கையில் வித்தை இருக்கிறது, வாசல் எங்கே என்று தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் தொகைகள் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கணக்கைத் தரையிலிருந்து மேலே போடுங்கள். நான் மேலிருந்து கீழே போட்டேன். ஸ்டீல், வெல்டிங், பெயின்ட் எல்லாவற்றுக்கும் ஒதுக்கிவிட்டுக் கடைசியில் அஸ்திவாரத்துக்கு வந்தபோது பையில் போதிய பணம் இல்லை.

1. விசாவைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் திறங்கள்

ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான ஹெச்-4 விசாவில் இருந்தபோது ஒரு சிறிய நகரத்தின் தற்காலிகக் கண்காட்சியில் எனக்கு இடம் கிடைத்தது. மதிப்பூதியம் 2,000 டாலர். சம்பளம் இல்லையே, மதிப்பூதியம்தானே என்று ஒப்புக்கொள்ளப் போனேன். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின வாரம் ஒரு குடிவரவு வக்கீலிடம் தாளைக் காட்டினேன். “என்ன பெயர் வைத்துக் கொடுத்தாலும் வேலைக்கு வாங்கும் பணம்தான் அது. அனுமதி இல்லாமல் வாங்கினால் பின்னால் கிரீன் கார்டு வரைக்கும் இடிக்கும்” என்றார். அந்த இடத்தை விட்டுக்கொடுத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் அதுதான் சரி.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர் தன் நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். சிற்பம் செய்து வெளியில் பணம் வாங்கக் கூடாது. ஹெச்-4 விசாவில் இருப்பவருக்கு வேலை அனுமதி அட்டை வேண்டும். துணைவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காகப் போடுவது) அங்கீகாரம் ஆகியிருப்பது போன்ற நிபந்தனைகள் இருந்தால்தான் அதற்கு ஐ-765 படிவம் போட முடியும். படிப்பு முடித்து ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு, செய்யும் வேலை படித்த துறையோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஒரு மணி நேர ஆலோசனைக்கு வக்கீல் என்னிடம் வாங்கியது 250 டாலர். இந்த வேலையில் நான் செலவழித்ததிலேயே மிகவும் பயன்பட்ட பணம் அது.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். சின்ன மாதிரிகள் செய்யுங்கள், நல்ல படம் எடுத்து வையுங்கள். பின்னால் விண்ணப்பத்தில் அவைதான் பேசும்.

2. அழைப்பைப் பிரித்துப் படியுங்கள்

பல நகரங்களில் பொதுக் கட்டடம் கட்டும் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் 1 சதவீதம், சில இடங்களில் அதற்கு மேல். மத்திய அரசுக் கட்டடங்களில் அரை சதவீதம். டவுன்டவுனில் நீங்கள் பார்க்கும் பெரிய சிற்பங்கள் பலவற்றுக்குப் பணம் வந்தது இப்படித்தான்.

அழைப்புகள் இரண்டு வகை. ஆர்.எஃப்.க்யூ என்றால் உங்கள் தகுதியை மட்டும் காட்டச் சொல்கிறார்கள். பழைய வேலைகளின் படங்கள், ஒரு பக்கக் கடிதம், சுயவிவரம், அவ்வளவுதான். அதிலிருந்து மூன்று முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குப் பணம் கொடுத்து வடிவமைப்பு கேட்பார்கள். ஆர்.எஃப்.பி என்றால் முதலிலேயே முழு வடிவமைப்பையும் கேட்கிறார்கள். பணம் கொடுக்காமல் வடிவமைப்புக் கேட்கும் ஆர்.எஃப்.பி-களை நான் தொடுவதில்லை. 200 பேர் மாதக்கணக்கில் இலவசமாக உழைத்து ஒருவருக்கு வேலை கிடைப்பது நியாயமில்லை. புதிதாக வந்தவர்களைத்தான் அது அதிகம் வதைக்கிறது.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை, தற்காலிகக் கண்காட்சியில் தொடங்குவது. பல ஊர்களில் டவுன்டவுன் சங்கங்கள் ஓராண்டு, இரண்டாண்டுக்குச் சிற்பங்களை இரவல் வாங்கி நடைபாதை ஓரம் நிறுத்துகின்றன. சிற்பம் உங்களுடையதாகவே இருக்கும். கிடைப்பது சில ஆயிரம் டாலர்தான், அதில் பாதிக்கு மேல் லாரிக்கே போய்விடும். ஆனால் “பொது இடத்தில் நிறுத்தி, பத்திரமாக எடுத்த அனுபவம்” என்ற ஒரு வரி சுயவிவரத்தில் ஏறும். நிரந்தரச் சிற்பத்துக்கான நடுவர் குழு முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

3. விண்ணப்பக் கோப்பு

பெரும்பாலான அழைப்புகள் கால் ஃபார் என்ட்ரி என்ற இணையதளம் வழியாக வருகின்றன. ஒரு தடவை கணக்குத் தொடங்கிப் படங்களை ஏற்றிவிட்டால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். படம் ஒவ்வொன்றும் ஜேபெக், 5 எம்பிக்குள். வழக்கமாகப் பத்துப் படம் கேட்பார்கள்.

ஒவ்வொரு படத்திலும் ஒரு மனிதர் பக்கத்தில் நிற்கட்டும். அருவச் சிற்பத்தில் அளவு தெரிவதில்லை. மேசைமேல் வைக்கும் பொருளா, மாடி உயரமா என்று நடுவருக்குப் புரியாது. ஒரு படத்தை அவர்கள் பார்ப்பது சில விநாடிகள்தான். வெள்ளைத் துணிக்கு முன்னால் எடுத்த அழகான ஸ்டுடியோ படங்களைத்தான் நான் முதலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். எட்டு விண்ணப்பம் போட்டேன், எட்டும் திரும்பின. என் தம்பியை நிற்கவைத்து வெளியில் எடுத்த படங்களை அனுப்பிய பிறகுதான் முதல் அழைப்பு வந்தது.

பழைய வேலைகளின் பட்ஜெட்டையும் கேட்பார்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் உள்ளதை எழுதுங்கள்.

4. இடத்தைப் போய் மிதித்துப் பாருங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்வேன்.

டவுன்டவுன் சதுக்கம் என்று நாம் நினைப்பது பல இடங்களில் தரையே இல்லை, ஒரு கூரை. கீழே கார் நிறுத்துமிடம் இருக்கும், சுரங்கப்பாதை இருக்கும், பழைய கட்டடங்களின் நிலவறை நடைபாதைக்கு அடியில் நீண்டிருக்கும். சிகாகோவில் அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ நிற்கும் மில்லேனியம் பூங்காவே வாகன நிறுத்துமிடத்துக்கும் ரயில் பாதைக்கும் மேலே கட்டியதுதான். அந்தச் சிற்பத்தின் எடை 110 டன். அதைத் தாங்க அடியில் என்னென்ன செய்ய வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குக் காட்டிய முதல் இடமும் கூரைதான். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்பது வயதான கட்டட வரைபடத்தை என்ஜினியர் மேசையில் விரித்து, நான் குறித்திருந்த இடத்தில் பென்சிலை வைத்தார். அந்தப் புள்ளிக்கு நேர் கீழே, நிலத்தடியில் பி-2 தளத்தில் ஒரு காரின் சின்னப் படம் இருந்தது. “இங்கே நிறுத்தலாம், ஆனால் கீழே ஒரு தூண் கட்ட வேண்டும்” என்றார். தூணுக்கு மட்டும் என் முழு பட்ஜெட்டும் போதாது. சிற்பத்தை 40 அடி தள்ளி, அடியில் மண் இருக்கும் பகுதிக்கு மாற்றினோம். புது இடத்துக்கு மறுபடி ஒப்புதல் வாங்க இரண்டு மாதம் போனது.

அதனால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: இதற்குக் கீழே என்ன இருக்கிறது, சதுர அடிக்கு எவ்வளவு பாரம் தாங்கும், வரைபடம் யாரிடம் இருக்கிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாடு முழுக்க ஒரே எண், இலவசம். சில வேலை நாட்களில் ஆள் வந்து எரிவாயு, மின்சாரம், தண்ணீர்க் குழாய்கள் போகும் வழியைத் தரையில் வண்ணத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அவர்கள் குறிப்பது பொதுச் சேவை நிறுவனங்களின் குழாய்களை மட்டும்தான். சதுக்கத்தின் சொந்த விளக்கு ஒயரையும் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயையும் குறிக்க மாட்டார்கள். எங்கள் குழியில் விளக்கு ஒயர் அறுந்தது. சரிசெய்ய 640 டாலர், என் கணக்கில்.

பிறகு, நடக்கிறவர்கள். பார்வையற்றவர் கைத்தடியால் தட்டி உணர முடியாத எதுவும் நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது சட்டம். தரையிலிருந்து 27 அங்குலத்துக்கும் 80 அங்குலத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் எந்த முனையும் 4 அங்குலத்துக்கு மேல் வழிக்குள் வரக் கூடாது. அருவச் சிற்பத்துக்கு இது பெரிய விஷயம். நம் வளைவுகளும் சிறகுகளும் சரியாக அந்த உயரத்தில்தான் நீளும். மாதிரி செய்யும்போதே ஒரு அளவுகோலில் 27, 80 இரண்டையும் சிவப்பில் குறித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அடியில் தடி தட்டும்படி ஒரு விளிம்புச் சுவரோ செடிப் பாத்தியோ வைக்கலாம்.

மக்கள் எப்படிக் குறுக்கே நடக்கிறார்கள் என்று காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் போய் உட்கார்ந்து பாருங்கள். நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில் ரிச்சர்ட் செராவின் ‘டில்டட் ஆர்க்’, 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட எஃகுச் சுவர், 1981-ல் நின்று 1989-ல் அறுத்து எடுக்கப்பட்டது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்பது அங்கே வேலை பார்த்தவர்களின் முக்கியமான புகார்களில் ஒன்று.

5. பட்ஜெட்

அறிவிப்பில் “எல்லாம் உட்பட” என்று போட்டிருந்தால் அதற்கு உண்மையிலேயே எல்லாம் என்றுதான் பொருள். என் ஒப்பந்தம் 48,000 டாலர். அஸ்திவாரத்துக்கு 6,200, என்ஜினியருக்கு 2,800, காப்பீட்டுக்கு 900, கிரேனுக்கும் தூக்கும் ஆட்களுக்கும் 3,400, லாரிக்கு 1,900, சாலையின் ஒரு பாதையை மூடும் அனுமதிக்கும் தடுப்புகளுக்கும் 1,100. கூட்டினால் 16,300. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதில் ஒரு டாலர்கூடச் சிற்பத்தின் உருவத்தில் தெரியாது. இவற்றுக்கெல்லாம் சேர்த்து நான் ஒதுக்கியிருந்தது 5,000.

ஸ்டீல் 5,600. வளைப்பதும் லேசரில் வெட்டுவதும் வெளியில் கொடுத்தது 4,800. சாண்ட் பிளாஸ்டிங்கும் பெயின்ட்டும் 5,200. பட்டறை வாடகை, கேஸ், கரன்ட் 4,000. கடைசியில் படம் எடுத்தவருக்கு 600. எனக்கு மிஞ்சியது 11,500. அறுந்த ஒயர், என் அலைச்சல் எல்லாம் அதிலிருந்துதான்.

சிற்பியின் கூலி 15 முதல் 20 சதவீதம் என்று வெளிப்படையாக ஒரு வரியில் போடுங்கள். அதைத் தனியாகப் போடாதவர்களுக்குத்தான் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எதிர்பாராததற்கு 10 சதவீதம் தனியாக வையுங்கள். வரியையும் இப்போதே நினையுங்கள். நகரம் உங்களிடம் வரி எண்ணைக் குறிக்கும் டபிள்யூ-9 படிவம் வாங்கிக்கொண்டு முழுத் தொகையையும் பிடித்தம் இல்லாமல் கொடுக்கும். சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்குமேல் வருமான வரி. வருஷத்துக்கு நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு காசோலை வந்ததும் கால் பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டேன். இது என் அண்ணி சொல்லிக் கொடுத்தது.

6. என்ஜினியர் முத்திரை

சிற்பம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற என்ஜினியர் வரைபடத்தில் முத்திரை போட வேண்டும். பக்கத்து மாநிலத்து நண்பர் நல்லவர், குறைவாக வாங்குவார் என்றால் பயனில்லை. காற்று, பனி, நிலநடுக்கம், பத்துப் பேர் ஏறித் தொங்கினால் என்ன ஆகும் என்பது வரை அவர் கணக்குப் போடுவார். தொங்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சிகாகோவில் 50 அடி உயரப் பிக்காசோ சிற்பத்தின் சாய்வான அடிப்பகுதியில் குழந்தைகள் சறுக்கி விளையாடுவது இன்றும் நடக்கிறது.

மாதிரி முடிவாவதற்கு முன்னாலேயே என்ஜினியரிடம் போங்கள். நான் முடித்துவிட்டுப் போனேன். சிற்பத்தின் பாதப் பகுதித் தகட்டை கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலமாக்கச் சொன்னார். எடை கூடியது, கிரேன் மாறியது, செலவும் ஏறியது. முன்பே போயிருந்தால் உள்ளே தாங்கலாக ஒரு விலாத் தகடு வைத்துச் சமாளித்திருக்கலாம். முத்திரை கிடைக்க எனக்கு ஆறு வாரம் ஆனது.

7. “இது என்ன?”

பொதுமக்கள் கூட்டம் ஒன்றாவது இருக்கும். அருவச் சிற்பத்தோடு போகிறவரிடம் முதல் கேள்வி எப்போதும் இதுதான். முதல் கூட்டத்தில் நான் “ஒற்றுமை, வளர்ச்சி” என்று ஆரம்பித்தேன். பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் சொன்னதை நானே நம்பவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் மாதிரியை மேசை நடுவில் வைத்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி, போன் டார்ச்சைக் கிழக்கிலிருந்து மேற்காக மெதுவாக நகர்த்தினேன். இரண்டு வளைந்த தகடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாக வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக விழுந்து, மேசையில் ஊர்ந்து, ஒரு கட்டத்தில் நிழல் இரண்டும் சேர்ந்து கோடு மறைந்தது. முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், “சாயங்காலம் நிழல் எந்தப் பக்கம் விழும்?” என்று கேட்டார். கோடையில் நான்கு மணிக்குக் கிழக்கே, பஸ் நிறுத்தத்தின் பக்கம் என்றேன். “அப்படியானால் கொஞ்சம் தள்ளி வைத்தால் பெஞ்சில் விழுமே. அங்கே ஒரு மரம்கூட இல்லை.” நான்கு அடி தள்ளி வைத்தோம். இப்போது அந்த நிழலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எதைக் குறிக்கிறது என்று கதை கட்டாதீர்கள். அங்கே நின்றால் என்ன தெரியும், எங்கே தொடலாம், எந்த நேரத்தில் எப்படி மாறும் என்று காட்டுங்கள்.

8. ஒப்பந்தத்தில் எதைத் தேடிப் படிப்பது

மூன்று இடங்களைக் கவனியுங்கள். “ஒர்க் மேட் ஃபார் ஹயர்” (கூலிக்குச் செய்த வேலை) என்ற சொற்றொடர் எங்காவது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அது இருந்தால் பதிப்புரிமை உங்களுடையது அல்ல. 1990-ல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பும் போய்விடும். உங்கள் வேலையைச் சிதைக்காமல் இருக்கக் கோரும் உரிமை அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தனியாக எழுதிக் கேட்கும் நகரங்களும் உண்டு. பல நகரங்கள் அதில் இறங்கி வருவதில்லை. அப்படியானால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: அகற்றுவதாக இருந்தால் 90 நாள் முன்னறிவிப்பு, என் செலவில் நானே எடுத்துக்கொள்ளும் முதல் வாய்ப்பு. நான் கேட்டேன், கொடுத்தார்கள்.

இரண்டாவது, படங்கள். விளம்பரத்துக்கு நகரம் பயன்படுத்திக்கொள்ளட்டும். கோப்பையிலும் சட்டையிலும் அச்சடித்து விற்பதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள். சிகாகோ பிக்காசோவின் மாதிரியைப் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமல் எல்லா இடத்திலும் வெளியிட்டதால் அது பொதுச் சொத்து என்று 1970-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் பிறகு மாறிவிட்டது, குறிப்பு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. இருந்தாலும் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் பெயரும் ஆண்டும் போடுங்கள். பதிவு செய்ய 45 அல்லது 65 டாலர்தான்.

மூன்றாவது, பணம் வரும் கட்டங்கள். எனக்கு முதலில், கையெழுத்துப் போட்டதும் 20 சதவீதம் என்று இருந்தது. ஸ்டீல் வாங்கவும் வெட்டவும் 10,000-க்கு மேல் வேண்டும், கையில் வருவது 9,600. அதிலேயே என்ஜினியர், காப்பீடும் உண்டு. பேசி 35 சதவீதமாக்கினேன். கேட்டால் மாற்றுகிறார்கள். கேட்காமல் இருந்தால் கிரெடிட் கார்டில்தான் ஸ்டீல் வாங்க வேண்டியிருக்கும்.

காப்பீடு பெரும்பாலும் சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் பொதுப் பொறுப்பு என்று இருக்கும். சான்றிதழில் நகரத்தைக் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொல்வார்கள். முகவரிடம் அந்தச் சொற்களை அப்படியே அனுப்புங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வரும்.

9. எதில் செய்வது

கார்ட்டன் ஸ்டீல் அழகுதான். தானாகவே துருவேறி, அந்தத் துருவே கவசமாகும். ஆனால் அதற்கு நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். பனிக்காலத்தில் தெருவில் உப்புக் கொட்டும் ஊர்களில் அடிப்பகுதி காயவே காயாது, துரு தின்றுகொண்டே போகும். மழையில் வடியும் செந்நீர் வெளிறிய கான்கிரீட்டில் கறையாகத் தங்கும். சுற்றிலும் ஜல்லி போட்டு, தண்ணீர் வழிய வழிசெய்தால்தான் பயன்படுத்துங்கள்.

ஸ்டெயின்லெஸ் என்றால் உப்பு உள்ள ஊருக்கு 304 ரகம் போதாது, 316 ரகம் கேளுங்கள். சாதா ஸ்டீலைத் தேய்த்த டிஸ்க்கால் அதைத் தொடாதீர்கள். பளபளப்பில் ஒரே மாதத்தில் துருப்புள்ளி பூக்கும். அப்புறம் கைரேகை. கண்ணாடிபோல் பளபளக்கும் கிளவுட் கேட்டின் கீழ்ப் பகுதியைத் தினமும் துடைக்க ஆள் இருக்கிறது. உங்களுக்கு இருக்காது. கை எட்டும் உயரம் வரை மங்கலான ஃபினிஷ் கொடுங்கள்.

பெயின்ட் என்றால் துத்தநாக பிரைமர், எபாக்ஸி, மேலே பாலியூரிதேன் என்று மூன்று கோட். முழுக்கக் கால்வனைஸ் செய்வதாக இருந்தால் மூடிய குழாய் எல்லாவற்றிலும் துளை போட்டே ஆக வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் உருகிய துத்தநாகத் தொட்டியில் வெடிக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து.

சிகாகோ போக வாய்ப்புக் கிடைத்தால் ஃபெடரல் பிளாசாவில் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் ‘ஃபிளமிங்கோ’வுக்கு அடியில் போய் நில்லுங்கள். 1974-ல் நிறுத்தியது, 53 அடி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வீச்சில் வளைத்த சிவப்புக் கோடு. பக்கத்தில் போனால் தகட்டின் மேல் ஓடும் விலாக்கள், வரிசையாகப் போல்ட்டுகள், துண்டு துண்டாகச் சேர்த்த தடம் எல்லாம் தெரியும். எதையும் மறைக்கவில்லை. அந்த விலாக்களே உருவத்தின் பகுதியாகிவிட்டன. நான் ஒரு மதியம் முழுக்க அங்கே நின்று போல்ட்டுகளை வரைந்தேன். துண்டுகளாகச் செய்து இடத்தில் பூட்டலாம், அது குறையல்ல என்ற தைரியம் அங்கேதான் வந்தது.

லாரி அளவையும் வரைபடத்திலேயே எழுதி வையுங்கள். சாதாரண அனுமதியில் அகலம் எட்டரை அடி, பெரும்பாலான மாநிலங்களில் உயரம் பதின்மூன்றரை அடி. லாரித் தட்டே தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி. மீதி எட்டரை அடிதான் உங்களுக்கு. மீறினால் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அனுமதி.

10. ஊரில் செய்து வரவழைப்பதானால்

மாமல்லபுரத்தில் கருங்கல்லில் செய்வித்து அனுப்பலாம், முடியும். இந்தியச் சுங்கத்தில் சிற்பம் என்றதுமே பழம்பொருளா என்ற சந்தேகம் வரும். இது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி வையுங்கள். போன வருஷம் செதுக்கிய அருவச் சிற்பத்துக்கும் கேட்கிறார்கள். மரப்பெட்டியில் வெப்பப் பதம் செய்ததற்கான ஐஎஸ்பிஎம்-15 முத்திரை இருக்க வேண்டும், இல்லையென்றால் அமெரிக்கத் துறைமுகத்தில் பெட்டியோடு திருப்பிவிடுவார்கள். 20 அடி கன்டெய்னரின் கதவு ஏறத்தாழ 7 அடி 8 அங்குல அகலம், 7 அடி 5 அங்குல உயரம். உள்ளே இடம் இருக்கிறதே என்று பார்க்காமல் கதவை அளந்துகொள்ளுங்கள். இது நகல் அல்ல, அசல் படைப்புதான் என்று சிற்பி கையெழுத்திட்ட அறிவிப்பும் சுங்கத் தரகருக்குத் தேவைப்படும்.

11. நிறுத்தும் நாள்

கான்கிரீட் முழு வலு பெற 28 நாள் என்பது வழக்கமான கணக்கு. முன்னதாக ஏற்றலாமா என்பதை என்ஜினியர் சொல்லட்டும், காண்ட்ராக்டர் அல்ல.

எங்கள் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. சிற்பம் கிரேனில் தொங்குகிறது. அடித்தட்டில் நான்கு துளை, தரையில் நான்கு போல்ட். இறக்க இறக்க மூன்று நுழைந்தன. நான்காவது போல்ட்டின் தலை தட்டின் அடியில் இடித்து நின்றது. முக்கால் டன் இரும்பு காற்றில் லேசாகச் சுற்றிக்கொண்டிருக்க, நான் முழங்காலிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு வித்தியாசம். வரைபடம் சரி, தட்டும் சரி. கான்கிரீட் ஊற்றும்போது போல்ட் நகர்ந்திருக்கிறது. மறுபடி தூக்கி, மரக்கட்டைமேல் இறக்கி, துளையை அகலப்படுத்தி, என்ஜினியருக்குப் போன் செய்து தடித்த வாஷர் போடச் சம்மதம் வாங்கி, பெயின்ட் போன இடத்தில் பிரைமர் தடவி நிறுத்தி முடிக்கும்போது பதினொன்றரை. கிரேன் குறைந்தது நான்கு மணி நேரம் என்று பேசியது, அதற்கு மேல் மணிக்கு 280 டாலர்.

இதைத் தவிர்க்க ஒரு பிளைவுட் பலகை போதும். வரைபடத்தைப் பார்த்து அல்ல, உண்மையான அடித்தட்டையே பலகைமேல் வைத்துத் துளைகளைக் குறித்து வெட்டுங்கள். வடக்கு எது என்று பெரிதாக எழுதுங்கள். அந்தப் பலகையில் போல்ட்டுகளைப் பூட்டிய நிலையிலேயே கான்கிரீட் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றும் நாளில் நீங்களும் அங்கே நில்லுங்கள்.

12. நிறுத்திய பிறகு

கடைசித் தவணை, என் விஷயத்தில் 10 சதவீதம், பராமரிப்புக் குறிப்பைக் கொடுத்தால்தான் வரும். அதில் பெயின்ட் நிறுவனம், நிறத்தின் எண், எத்தனை கோட், எந்தச் சோப்பால் கழுவலாம், கிறுக்கலை எதால் துடைக்கலாம், போல்ட் அளவு என்ன, எந்த இறுக்கம் என்று எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். பணியாட்களுக்கும் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் பாக்கி இல்லை என்ற ரசீதுகளையும் இணைக்க வேண்டும். அதனால் ஒவ்வொருவருக்கும் பணம் கொடுக்கும் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள், ஆறு மாதம் கழித்துத் தேடினால் ஆளே கிடைக்க மாட்டார்கள். எங்கள் கிரேன்காரரைத் தேடி எடுக்க மூன்று வாரம் ஆனது.

அதே பெயின்ட்டில் ஒரு லிட்டர் எடுத்துத் தேதி எழுதி நகரத்தின் பராமரிப்புக் கிடங்கில் கொடுத்து வையுங்கள். இன்னொரு டப்பா உங்கள் பட்டறையில் இருக்கட்டும். முதல் குளிர்காலம் முடிந்ததும், மார்ச் கடைசியில், ஒரு வாளித் தண்ணீரோடு போய் அடித்தட்டைச் சுற்றி உப்பைக் கழுவிவிட்டு, நான்கு போல்ட்டையும் கையால் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.